தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் பைபாஸ்: நமக்கான பாதையை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

புதிய பைபாஸ் திறந்த முதல் இரண்டு வாரம் நான் அதன் பரம ரசிகன். 14 கிலோமீட்டர், வழவழவென்று தார், நடுவே மீடியன், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு தடை கிடையாது. ஊருக்குள் புகுந்து போகும் பழைய சாலை 10 கிலோமீட்டர்தான். ஆனாலும் அந்தப் பக்கம் இனி தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு மாலை, பைபாஸ் முடிந்து பழைய நெடுஞ்சாலையோடு சேரும் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். நான்காவது முறையாகப் பச்சை விழுந்து, நான்காவது முறையாகச் சிவப்பானது. முன்னால் நின்ற லாரியின் பின்பக்க எழுத்தெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

பக்கத்து சீட்டில் இருந்த மகள் கேட்டாள்: "அப்பா, நாம எதுக்கு இந்த வழியா வந்தோம்?"

"சீக்கிரம் போகத்தான்."

"அப்ப ஏன் நிக்கிறோம்?"

பதில் இல்லை. மறுநாள் அவள் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். பைபாஸை மூன்றாகப் பிரித்து, ஏறும் இடத்துக்குத் 'தலை', நடுப்பகுதிக்கு 'உடம்பு', இறங்கும் இடத்துக்கு 'வால்' என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைக் குறித்தாள். அன்று வீடு சேர்ந்ததும் வாசித்துக் காட்டினாள்: "தலை மூணு நிமிஷம், உடம்பு ஒம்போது நிமிஷம், வாலு பதினாலு நிமிஷம்." கீழே வரும் வழிமுறை முழுக்க அந்த நோட்டிலிருந்து வளர்ந்ததுதான். பைபாஸை நடுவில் போகும் வேகத்தை வைத்து எடை போடாதீர்கள், அதன் இரண்டு முனைகளைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. மற்றதெல்லாம் அதற்கான வேலைமுறை.

வண்டியை எடுக்கும் முன் ஒரு கணக்கு

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீட்டர் கடக்க 90 விநாடி ஆகும். 60 என்றால் 60 விநாடி, 80 என்றால் 45, 100 என்றால் 36. இந்த நான்கு எண்களை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. 40-லிருந்து 60-க்குப் போனால் கிலோமீட்டருக்கு 30 விநாடி மிச்சம். 80-லிருந்து 100-க்கு ஏறினால் மிச்சமாவது வெறும் 9 விநாடி. முன்னதும் பின்னதும் 20 கி.மீ. ஏற்றம்தான், ஆனால் பலனில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அதனால் பயண நேரத்தைக் குறைக்க ஆசைப்படுகிறவர் வேகமான பகுதியை இன்னும் வேகமாக ஓட்டுவதில் பொருளில்லை. மெதுவாக ஊரும் பகுதி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

இதையே பைபாஸுக்குப் போட்டுப் பாருங்கள். பழைய சாலையில் 10 கிலோமீட்டரை 60-ல் போக முடிந்தால் 10 நிமிடம். பைபாஸில் 14 கிலோமீட்டரை 90-ல் போனால் 9 நிமிடம் 20 விநாடி. நாலு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி, லாபம் 40 விநாடி! ஒரே ஒரு சிவப்பு விளக்கு அதை விழுங்கிவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது என்பதால், 60-ல் இருந்ததைவிட 90-ல் அந்த எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. எரிபொருள் முள் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கும். ஊருக்குள் வண்டிகள் 25, 30-ல் ஊர்கிற நேரத்தில்தான் பைபாஸுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

பைபாஸ் எங்கே சொதப்புகிறது

காரணம் தெரிந்தால்தான் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியும். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

பெரும்பாலான பைபாஸ்கள் செத்துப்போவது சந்திப்புகளில். தடையில்லாமல் ஓடும்போது ஒரு லேனில் மணிக்கு சுமார் 2,000 வண்டிகள் போக முடியும். சிக்னல் வந்துவிட்டால் பச்சை எரியும் நேரம் மட்டும்தான் கணக்கு. 100 விநாடிச் சுற்றில் உங்களுக்கு 30 விநாடி பச்சை என்றால், மணி முழுக்கப் பச்சையாக இருந்தால் போகக்கூடிய சுமார் 1,900-ல் 30 சதவீதம், அதாவது 570 வண்டிகள். இரண்டு லேன் இருந்தாலும் 1,140. பின்னால் எத்தனை கிலோமீட்டருக்கு அகலமாகப் போட்டிருந்தாலும் வாயில் இருக்கும் புனல் இவ்வளவுதான். மேம்பாலம் கட்ட வேண்டிய இடத்தில் சிக்னல் போட்டு 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்ட பைபாஸ் எல்லாம் இந்த ரகம்.

ரவுண்டானா வைத்தால் சரியாகிவிடுமா என்றால், எல்லாத் திசையிலிருந்தும் ஏறத்தாழ சமமாக வண்டி வரும்வரை சரி. ஒரு திசையிலிருந்து மட்டும் விடாமல் வரிசை வந்துகொண்டே இருந்தால், அதற்கு அடுத்த வாயில் நிற்பவனுக்கு இடைவெளியே கிடைக்காது. பைபாஸின் முனைகளில் பெரும்பாலும் இருப்பது இந்த ஒருபக்கச் சாய்வான ஓட்டம்தான்.

அடுத்தது, லேன் குறையும் இடம். நான்கு லேன் பைபாஸ் முடிந்து இரண்டு லேன் பழைய சாலையில் போய் விழுந்தால், வழியில் மிச்சம் பிடித்த நேரத்தை அங்கே வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதைத் தாரும் ஜல்லியுமாகப் போட்டு வைத்த மாதிரி இருக்கும். ஓரங்களில் கட்டடங்கள் முளைப்பது இன்னொரு வினை. ஊரைத் தவிர்க்கப் போட்ட சாலைக்கு ஊரே இடம்பெயர்ந்து வருகிறது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வாசல், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு திருப்பம், அதற்காக மீடியனில் ஒரு உடைப்பு. பத்து வருடத்தில் பைபாஸுக்கே ஒரு பைபாஸ் கேட்கும் நிலை.

இன்னொன்று, யாருக்காகப் போடுகிறார்கள் என்பதில் வரும் தவறு. ஊரில் ஓடும் வண்டிகளில் ஊரைக் கடந்து போகிறவை எத்தனை, ஊருக்கே வருகிறவை எத்தனை? ஊர் பெரிதாகப் பெரிதாக, கடந்து போகிறவற்றின் பங்கு குறைந்துகொண்டே வரும். பெரிய ஊருக்கு வெளியே எவ்வளவு அழகாகப் பைபாஸ் போட்டாலும் உள்ளே நெரிசல் அப்படியே இருப்பதற்கு இதுதான் காரணம். உள்ளே வரவேண்டியவர் வெளியே சுற்றிப் போய் என்ன செய்யப்போகிறார்?

புதிய சாலை புதிய பயணங்களையும் பெற்றெடுக்கும். பிரிட்டனில் அரசின் ஆலோசனைக் குழு ஒன்று 1994-லேயே இதை அறிக்கையாகத் தந்துவிட்டது. லண்டனைச் சுற்றிய எம்25 வளையச் சாலை 1986-ல் முழுமையடைந்தது. சீக்கிரமே நெரிசலுக்குப் பேர்போனது, அப்புறம் அகலப்படுத்தும் வேலைகள் தொடர்கதையாயின. அமெரிக்க நகரங்களின் கணக்குகளை ஆராய்ந்த துரான்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள், சாலையின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று 2011-ல் எழுதினார்கள்.

இதைவிட விசித்திரமான ஒன்றும் உண்டு. புதிதாக ஒரு இணைப்புச் சாலை போட்டதாலேயே எல்லோருக்கும் பயண நேரம் கூடிவிடலாம். ஜெர்மன் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிராஸ் 1968-ல் காட்டியது இது. நம்ப முடியாது, அதனால் எண் போட்டே பார்த்துவிடுவோம். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு 2,000 வண்டிகள் போக வேண்டும். இரண்டு வழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு குறுகலான பகுதி, ஒரு அகலமான பகுதி. ஒரு வழியில் குறுகல் முதலில் வருகிறது, மற்றதில் கடைசியில். அகலமான பகுதியில் எத்தனை வண்டி வந்தாலும் 50 நிமிடம். குறுகலான பகுதியில், வரும் வண்டிகளின் எண்ணிக்கையை 50-ஆல் வகுத்தால் கிடைக்கும் நிமிடம். வழிக்கு ஆயிரம் வண்டி என்று பிரிந்தால் 20 கூட்டல் 50, மொத்தம் 70 நிமிடம்.

இப்போது முதல் வழியின் குறுகல் முடியும் இடத்தையும் மற்ற வழியின் குறுகல் தொடங்கும் இடத்தையும் சேர்க்க, 2 நிமிடத்தில் கடக்கக்கூடிய ஒரு இணைப்பைப் போடுகிறோம். முதலில் கண்டுபிடித்தவருக்கு ராஜயோகம்: 20, 2, 20 என்று 42 நிமிடத்தில் போய்விடுவார். செய்தி பரவும். கடைசியில் 2,000 பேரும் அதே வழியில்: 40, 2, 40 என்று 82 நிமிடம். பழைய வழிக்குத் திரும்பலாமே என்றால், எல்லோரும் இங்கே நிற்கும்போது ஒருவர் மட்டும் மாறினால் அவருக்கு 40 கூட்டல் 50, 90 நிமிடம். ஆகவே யாரும் மாற மாட்டார்கள். எல்லோருமே புத்திசாலித்தனமாக நடந்து, எல்லோருக்குமே 12 நிமிடம் நஷ்டம்.

படி 1: தலை, உடம்பு, வால் என்று பிரியுங்கள்

உங்கள் வழக்கமான பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பைபாஸில் ஏறுவதற்காகத் திரும்பும் கடைசிச் சந்திப்புக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் ஒரு அடையாளம் வையுங்கள். அங்கிருந்து பைபாஸில் முழு வேகம் எடுக்கும் இடம் வரை தலை. வேகம் குறையத் தொடங்கும் இடத்திலிருந்து பழைய சாலையில் மறுபடி சீராக ஓடத் தொடங்கும் இடம் வரை வால். நடுவில் இருப்பது உடம்பு. வால் தினமும் ஒரே இடத்தில் தொடங்காது. அதற்காகக் கவலைப்படாமல், நிலையாக இருக்கும் ஒரு பாலத்தையோ கிலோமீட்டர் கல்லையோ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லை நகர்ந்தால் கணக்கு கெடும்.

படி 2: மேலிருந்து பாருங்கள்

வரைபட ஆப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பைபாஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தள்ளிக்கொண்டே போங்கள். பத்து நிமிட வேலைதான். எத்தனை இடத்தில் மற்ற சாலைகள் குறுக்கே வெட்டுகின்றன, அவற்றில் எத்தனை பாலத்தின் மேலோ கீழோ போகின்றன, எத்தனை சமதளத்தில் மோதுகின்றன என்று எண்ணுங்கள். மீடியனில் இருக்கும் உடைப்புகளை எண்ணுங்கள். ரயில் பாதை குறுக்கிட்டால் மேம்பாலமா, கேட்டா என்று பாருங்கள். கேட் என்றால் அந்த வழியின் நேரம் உங்கள் கையில் இல்லை, ரயிலின் கையில். லேன் எங்கே குறைகிறது என்பது படத்தில் நன்றாகத் தெரியும், சாலை ஒரு பாட்டில் கழுத்துபோல் ஒடுங்கும்.

எதிரே வரும் ஓட்டத்தை வெட்டித் திரும்ப வேண்டிய இடங்களைத் தனியாகக் குறியுங்கள். அவற்றைத் தவிர்க்கக் கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை. அமெரிக்காவின் பார்சல் நிறுவனமான யூபிஎஸ், இடப்பக்கத் திருப்பங்களை முடிந்தவரை தவிர்த்துப் பாதை போடுவதற்குப் பெயர் பெற்றது. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், எதிரோட்டத்தை வெட்டுவது இடப்பக்கத் திருப்பம். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இதை வலப்பக்கத் திருப்பம் என்று மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

படத்தில் தெரியாததை லாரி ஓட்டுநர்களிடம் கேளுங்கள். "அண்ணே, சாயங்காலம் ஆறு மணிக்கு பைபாஸ் எப்படி?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் எந்த ஆப்பிலும் கிடைக்காது. ஒரே எச்சரிக்கை: கனரக வண்டிக்கு நல்ல வழி காருக்கும் நல்ல வழியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் குறுகல் திருப்பத்தையும் தாழ்வான பாலத்தையும் தவிர்ப்பார்கள், நமக்கு அவை பொருட்டில்லை.

படி 3: நோட்டுப் போடுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். "எனக்குத் தெரியாதா, நான் தினமும் போறவன்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நமக்கு நினைவில் நிற்பது மிக மோசமான நாளும் மிக நல்ல நாளும்தான். நடுவில் இருப்பதெல்லாம் கரைந்துபோகும்.

ஒவ்வொரு வழியிலும் குறைந்தது ஐந்து நாள், ஒரே நேரத்தில் கிளம்பி, நேரத்தைக் குறியுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் எழுதட்டும். தனியாகப் போனால் கிளம்பும்போது குரல் பதிவை ஓடவிட்டு, எல்லை வரும்போது "தலை முடிஞ்சது" என்று வாயால் சொன்னால் போதும். ஓட்டிக்கொண்டே போனைத் தொட வேண்டாம்.

என் மாலை நேரக் கணக்கு இது. பைபாஸ் வழியாக ஐந்து நாளும் முறையே 15, 26, 17, 29, 24 நிமிடம். ஊர் வழியாக 21, 20, 24, 21, 22. இரண்டையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள்: பைபாஸுக்கு 24, ஊருக்கு 21. அப்புறம் மிக மோசமான நாளைப் பாருங்கள்: பைபாஸ் 29, ஊர் 24. நடு எண்ணில் வித்தியாசம் வெறும் 3 நிமிடம்தான். ஆனால் பைபாஸில் 15-ம் வரலாம், 29-ம் வரலாம். ஊர்ச் சாலை எரிச்சல் தரும், வேகத்தடை வேகத்தடையாக ஏறி இறங்க வைக்கும், ஆனால் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய் விடும். ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில் எனக்கு வேண்டியது இதுதான்.

காலையில் அதே பைபாஸ் 13, 14, 14, 15, 16. ஊர்ச் சாலை 19-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஆக, காலையில் பைபாஸ், மாலையில் ஊர். ஒரே வழியை இரண்டு வேளைக்கும் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் புலம்பியது என் தவறு.

மாலையில் இரண்டு வழியும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது தற்செயல் இல்லை. ஜான் கிளென் வார்ட்ராப் என்ற ஆங்கிலேயர் 1952-லேயே சொன்னதுதான்: ஓட்டுநர்கள் ஒவ்வொருவரும் தனக்குக் குறைந்த நேரம் ஆகும் வழியைத் தேடிக்கொண்டே இருந்தால், கடைசியில் பயன்பாட்டில் இருக்கும் எல்லா வழிகளுக்கும் ஒரே நேரம்தான் ஆகும். தினமும் ஓட்டிப் பழகியவர்கள் நிறைந்த நெரிசல் வேளையில், யாருக்கும் தெரியாத ரகசிய வழி உங்களுக்காக மட்டும் காத்திருக்காது. அந்த வேளையில் சராசரியைத் துரத்தாதீர்கள், நிலையாக இருக்கும் வழியைப் பிடியுங்கள். பெரிய லாபம் இருப்பது நெரிசலுக்கு முன்னும் பின்னும்.

படி 4: ஆப்பை வேலை வாங்குங்கள்

வழி காட்டும் ஆப்களின் அடியில் ஓடும் யோசனை பழையது. நெதர்லாந்துக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ல் யோசித்து 1959-ல் வெளியிட்ட மிகக் குறுகிய பாதை கண்டுபிடிக்கும் முறைதான் அதன் அடித்தளம். ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒரு செலவு, மொத்தச் செலவு குறைந்த சங்கிலி எதுவோ அதுவே பாதை. எனவே துண்டுக்குப் போட்ட செலவு தவறாக இருந்தால் பாதையும் தவறும். போன வாரம் திறந்த பைபாஸ், பாதி திறந்து பாதி மூடிய பைபாஸ், வண்டி அதிகம் போகாத கிராமச் சாலை, இந்த மூன்றிலும் ஆப்பை அரைக் கண்ணால்தான் நம்ப வேண்டும்.

கிளம்பும் முன் கேட்கும்போது, இப்போதைய நிலவரத்தைப் பார்க்காதீர்கள். கிளம்பப்போகும் நேரத்தைக் கொடுத்துக் கேளுங்கள். சில ஆப்கள் அப்போது ஒரே எண்ணுக்குப் பதில் '20 முதல் 35 நிமிடம்' என்று வீச்சாகக் காட்டும். அந்த வீச்சின் மேல் எண்தான் உங்கள் எண். சுங்கம் தவிர்க்கும் அமைப்பு என்றைக்கோ போட்டு மறந்துபோய் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எனக்கு நாலு மாதம் அப்படி ஓடியிருக்கிறது. உங்களுக்கு வேண்டிய வழியில் ஆப் போக மறுத்தால், அந்த வழியின் நடுவில் ஒரு இடத்தை நிறுத்தமாகச் சேர்த்தால் பேசாமல் அந்தப் பக்கம் வரும். நிறுத்தத்தைச் சாலையின் மேலேயே, நீங்கள் போகும் திசையின் பக்கம் வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் வைத்தால் யூ-டர்ன் போடச் சொல்லி உயிரை வாங்கும்.

"2 நிமிடம் மிச்சம், இந்த வழியில் திரும்புங்கள்" என்று திடீரென்று சொன்னால்? நான் 5 நிமிடத்துக்குக் கீழே எந்த மாற்றத்தையும் கண்டுகொள்வதில்லை. தெரியாத தெருவில் ஒரு தவறான திருப்பம் போட்டாலே அந்த 2 நிமிடம் போய்விடும்.

படி 5: கிளம்பும் நேரத்தை நகர்த்துங்கள்

வழியை மாற்றுவதைவிட இது பலமான ஆயுதம். வாலில் இருக்கும் சந்திப்பு மணிக்கு 1,000 வண்டிகளை விடும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை 1,200 வண்டிகள் வருகின்றன. ஆறு மணிக்கு 200 வண்டிகள் வரிசையில் நிற்கும். அப்போது வந்து சேர்பவர் 12 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆறு மணிக்குப் பிறகு வருகை மணிக்கு 800-ஆகக் குறைகிறது. கூட்டம் குறைந்துவிட்டது, ஆனால் வரிசை கரைய ஏழு மணி ஆகும்.

ஐந்து மணிக்கு வந்தவருக்குக் காத்திருப்பே இல்லை. ஐந்தரைக்கு வந்தவருக்கு 6 நிமிடம், ஆறரைக்கு வந்தவருக்கும் அதே 6 நிமிடம். 'கூட்டம் குறையட்டும், அப்புறம் கிளம்பலாம்' என்று கொஞ்சமாகத் தாமதிப்பதில் பயனில்லை. ஒன்று, நெரிசல் தொடங்கும் முன் போய்விட வேண்டும், அல்லது நன்றாகத் தாமதித்துப் போக வேண்டும். 15 நிமிடம் முந்துவது பல நேரம் எந்தக் குறுக்கு வழியையும்விட அதிகம் தரும். நோட்டில் ஒரு வாரம் கிளம்பும் நேரத்தை மட்டும் பத்துப் பத்து நிமிடம் நகர்த்திப் பார்த்தால், வரிசை எப்போது பிறக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும்.

படி 6: முடிவெடுக்க ஒரே ஒரு இடம்

பைபாஸ் பிரியும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் முடிவெடுத்துவிடுங்கள், அதற்கப்புறம் மாற்றாதீர்கள். மணிக்கு 90 கி.மீ. என்பது விநாடிக்கு 25 மீட்டர். 100 மீட்டர் முன்னால் வைத்த பலகை உங்களுக்குத் தருவது 4 விநாடி. அந்த 4 விநாடியில் 'எந்தப் பக்கம்' என்று யோசித்துக் கடைசி நொடியில் லேன் தாண்டுபவரால்தான் பிரிவுகளில் விபத்து. தவறவிட்டால் விட்டதுதான், அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம். பின்னோக்கி வண்டியை எடுப்பது, எதிர்த்திசையில் சர்வீஸ் ரோட்டில் நுழைவது எதுவும் வேண்டாம்.

வாலில் லேன் குறையும் இடத்தில், வரிசை ஊர்கிறது என்றால் இரண்டு லேனையும் கடைசிவரை பயன்படுத்தி, ஜிப் மூடுவதுபோல் ஒன்றுவிட்டு ஒன்று சேர்வதுதான் சரி. அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே ஒரே வரிசையில் நின்று, காலியான லேனில் வருபவரை முறைப்பதில் வரிசையின் நீளம்தான் கூடும். முன் வண்டியோடு இடைவெளி விடுங்கள். ஜப்பானில் 2008-ல் வெளியான ஒரு ஆய்வில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சீராக ஓடச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் இல்லை, ஆனாலும் சிறிது நேரத்தில் தானாகவே நெரிசல் பிறந்து பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் லேசாகப் பிரேக் தொட்டால் பின்னால் வருபவர் கொஞ்சம் அழுத்தமாகத் தொடுவார், அதற்குப் பின்னால் வருபவர் நின்றே விடுவார்.

இரவில் இன்னொரு விதி. புதிதாகத் திறந்த பைபாஸில் விளக்கோ ஒளிரும் பட்டைகளோ வரும்வரை முதல் பயணத்தைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: யார் வீட்டு வாசல் வழியாகப் போகிறோம்?

குறுக்கு வழி என்று ஆப் காட்டுவது பல நேரம் யாரோ ஒருவரின் வாசல். அமெரிக்காவில் நியூயார்க்கை ஒட்டிய லியோனியா என்ற சிற்றூரில், பாலத்துக்குப் போகும் வண்டிகளை ஆப்கள் தெருக்களுக்குள் திருப்பிவிட, 2018-ல் ஊர் நிர்வாகம் நெரிசல் நேரங்களில் சுமார் 60 தெருக்களை வெளியாருக்கு மூடிவிட்டது. பள்ளி விடும் நேரத்தில் பள்ளித் தெரு, இரண்டு வண்டி எதிரெதிரே போக முடியாத சந்து, இரண்டையும் என் நோட்டிலிருந்து அடித்துவிட்டேன், நேரம் மிச்சமானாலும்.

படி 8: புகாரை வேலை நடக்கும்படி எழுதுங்கள்

'பைபாஸ் திட்டமே தப்பு' என்று எழுதினால் எந்தச் சாலைத் துறையாலும் ஒன்றும் செய்ய முடியாது. கட்டிய பைபாஸை இடித்துத் திரும்பக் கட்டப்போவதில்லை. இடித்த கதைகளும் உண்டு: சியோலில் சொங்க்யேசொன் ஓடையின் மேலிருந்த உயர்மட்டச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் ஓடையைத் திறந்தார்கள், பயந்த அளவுக்குப் போக்குவரத்து முடங்கவில்லை. ஆனால் அது நமது மனுவால் நடக்கிற காரியம் இல்லை. செலவு குறைந்த, ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள்: சிக்னலில் மாலை வேளைக்கு மட்டும் 10 விநாடி கூடுதல் பச்சை, திரும்பும் வண்டிகளுக்கு ஒரு தனி லேன், ஆபத்தான மீடியன் உடைப்பை அடைப்பது, பிரிவுக்கு 500 மீட்டர் முன்னாலேயே ஒரு பலகை, தரையில் அம்புக்குறி.

கிலோமீட்டர் கல்லின் எண், திசை, கிழமை, நேரம், நோட்டில் இருக்கும் அளவு, பக்கத்தில் இருப்பவர் எடுத்த ஒரு படம், இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். கோபத்தை வெளியே வைத்துவிட்டு எழுதுங்கள். வரைபடத்தில் பிழை என்றால் அந்த ஆப்பிலேயே தெரிவிக்கலாம். 2004-ல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் நீங்களே திருத்தவும் முடியும்.

நான் நாலு மாற்றம் கேட்டு எழுதினேன். ஒரே மாற்றம் கேட்க வேண்டும் என்ற புத்தி அதற்கப்புறம் வந்ததுதான். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை, வாலுக்கு முன்னால் தரையில் புதிதாக இரண்டு வெள்ளை அம்புக்குறிகள் இருந்தன. பச்சை விளக்கு நேரம் மாறவில்லை, பலகை வரவில்லை. மகள் நோட்டைத் திறந்து அன்றைய தேதிக்கு எதிரே ஒரு அம்பு வரைந்தாள். அந்த வாரம் மாலையில் மறுபடி ஐந்து நாள் பைபாஸில் போய்ப் பார்த்தோம்: நடு எண் 24-லிருந்து 22-க்கு இறங்கியிருந்தது. ஊர்ச் சாலை அப்போதும் 21.